மோட்டார் மேலே இருக்கும் 2.8 வோல்ட்டை நம்பாதே

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம், நான் விசாரித்ததாகச் சொல். இங்கே எல்லோரும் நலம், என் முட்டிவலி மட்டும் அப்படியேதான்.

சரி, உன் காயில் சுற்றும் மெஷினுக்கு வருகிறேன். அதில் இருக்கும் ஸ்டெப்பர் மோட்டார் (ஒவ்வொரு ஸ்டெப்பாக நகரும் மோட்டார்) மேலே 2.8 வோல்ட், 1.68 ஆம்பியர் என்று போட்டிருக்க, 12 வோல்ட் கொடுத்தால் எரிந்துவிடாதா என்று கேட்டிருக்கிறாய். அந்த 2.8-ஐ விட்டுத்தள்ளு. மோட்டாருக்குள் இருக்கும் காயிலின் மின்தடையை, அதாவது 1.65 ஓமை, 1.68 ஆம்பியரால் பெருக்கினால் வருவதுதான் அது. மோட்டார் சும்மா நிற்கும்போது அது போதும். ஓடும்போது காயிலில் கரண்ட் ஏறவும் இறங்கவும் திசை மாறவும் வேண்டும், காயிலின் இண்டக்டன்ஸ், அதாவது கரண்ட் மாறுவதை எதிர்க்கும் குணம், அதைச் சட்டென்று ஏறவிடாது, வேகம் கூடக்கூட கரண்ட் ஏறி முடிவதற்குள் அடுத்த ஸ்டெப் வந்து நிற்கும். உன் மோட்டார் உறுமிவிட்டு நின்றுபோவது அதனால்தான். சப்ளை 12, 24 என்று கூடினால் கரண்ட் சீக்கிரம் ஏறும், ஆனால் அளவைத் தொட்டதும் வெட்டிவிட ஒரு சாப்பர் டிரைவர் வேண்டும்.

உன்னிடம் இருக்கும் எல்298 டிரைவர் போர்டு அதைத் தானாகச் செய்யாது. போதாததற்கு உள்ளே இருப்பது பைபோலார் டிரான்சிஸ்டர், 1 ஆம்பியர் போனாலே கிட்டத்தட்ட 2 வோல்ட் அதிலேயே சூடாகப் போய்விடும். சொந்தமாகத்தான் செய்வேன் என்றால் அதோடு கரண்டை அளவோடு வெட்டும் எல்297 சிப்பைச் சேர்த்து, வேகமான டையோடு எட்டு போட்டுச் செய், படிக்க நல்ல சர்க்யூட். மெஷின் ஓடினால் போதும் என்றால் ஏ4988 என்ற ரெடிமேட் சாப்பர் டிரைவர் போர்டு வாங்கு. 35 வோல்ட் வரை தாங்கும், ஒரு ஸ்டெப்பை 16-ஆகப் பிரிக்கும். சத்தம் காதைக் குடைந்தால் டிஎம்சி2209, அது 29 வோல்ட் வரைதான்.

ஏ4988-இல் கரண்ட் வைப்பதில்தான் ஆள் ஏமாறுவது. சிப்புக்குப் பக்கத்தில் இரண்டு குட்டி ரெசிஸ்டர் இருக்கும், லென்ஸ் வைத்துப் பார். ஆர்100 என்றால் 0.1 ஓம். வேண்டிய கரண்ட், அந்த ஓம், 8, மூன்றையும் பெருக்கினால் விரெஃப், அதாவது போர்டில் உள்ள குட்டித் திருகைத் திருகி வைக்க வேண்டிய வோல்ட். 1.2 ஆம்பியருக்கு 0.96 வோல்ட். அதே 0.96-ஐ ஆர்050 போர்டில் வைத்தால் 2.4 ஆம்பியர் கேட்கும், சிப் தாங்காது. 1 ஆம்பியருக்கு மேல் என்றால் ஹீட்சிங்க் ஒட்டிவிடு. 1.68 முழுசாக வேண்டாம், காயில் சுற்ற 1.2 தாராளம்.

அப்புறம், டிரைவரில் மோட்டார் சப்ளை வரும் காலை (பின்) ஒட்டியே 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று போடு. பவர் இருக்கும்போது மோட்டார் வயரைப் பிடுங்காதே, டிரைவர் அந்த நிமிஷமே போய்விடும்.

எந்த ரெசிஸ்டர் என்று பார்த்து எழுது, திருகுவதற்கு முன்னால்.

உன்,
சேகர்