தமர்

கிருஷ்ணகிரி
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் மகள் போனில் சொன்னாள். கொஞ்ச நாளைக்கு நீ எதையும் படிக்கக் கூடாதாம். சரி, இதை அவளையே படித்துக் காட்டச் சொல். அவள் தாத்தாவைப் பற்றியும் இதில் இருக்கிறது, அவளும் கேட்கட்டும்.

இங்கே மாங்காய்க் காலம் முடியப் போகிறது. பெங்களூரா எல்லாம் லாரி லாரியாகக் கூழ் ஆலைக்குப் போயிற்று. என் மரம் இரண்டிலும் இந்த வருடம் காய் குறைவு. வீட்டில் அவளுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

இன்று போச்சம்பள்ளி சந்தைக்குப் புளி வாங்கப் போனேன். போன இடத்தில் செருப்பு வார் பிய்ந்துகொண்டது. மரத்தடியில் சாக்கு விரித்து ஒருவர் உட்கார்ந்திருந்தார், நம் வயது இருக்கும். செருப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒட்டினா நிக்காதுங்க, தைச்சிடறேன், உட்காருங்க" என்றார். பக்கத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்தேன். இத்தனை வருடம் செருப்பு போட்டும், தைப்பதை முழுதாகப் பார்த்தது இன்றுதான்.

அவர் கையில் இருந்த ஊசி ஒரு சாண்கூட இருக்காது. கொய்யாக் கட்டையில் உருண்டையான பிடி, உள்ளங்கை பட்டுப் பட்டுக் கறுத்து மினுமினுத்தது. அதில் இறக்கியிருந்தது பழைய குடைக்கம்பியாம், அவரே தீட்டியது. நுனிக்குச் சற்று மேலே அரத்தால் ராவிய சின்னப் பள்ளம், தூண்டில் முள் மாதிரி. நுனியை மெழுகுக் கட்டியில் ஒரு குத்து குத்தி எடுத்து, மேலிருந்து அட்டையில் இறக்கினார். அடியில் இடது கை நூலோடு காத்திருந்தது. நூல் பள்ளத்தில் விழுந்ததும் லேசாக ஒரு திருப்பு, ஓர் இழுப்பு. நூல் கண்ணியாக மேலே எழும்பி வந்தது. மறு நுனியை அந்தக் கண்ணிக்குள் விட்டு, இரண்டு பக்கமும் இழுத்து இறுக்கினார். அடியில் நடப்பதை அவர் கண் பார்க்கவே இல்லை, விரல்தான் பார்த்தது.

"துளை போட மெஷின் இருக்கே?" என்று கேட்டேன்.

"அது தோலைத் தின்னுடும்ங்க. இது விலக்கிட்டுப் போகும்."

வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மெஷின் போடும் துளையில் கொஞ்சம் தோல் வெட்டுப்பட்டு விழுந்துவிடும். இந்த ஊசி நாரை ஒதுக்கி நூலுக்கு வழி விடுகிறது, எதையும் எடுப்பதில்லை. ஒதுங்கிய நார் திரும்ப வந்து நூலைக் கவ்விக்கொள்கிறது. தையல் நிற்பது அதனால்தான்.

ஊசிக்குப் பெயர் கேட்டேன். "குத்தூசிங்க. எங்க தாத்தா வேற ஒரு பேர் சொல்வாரு, வாயில வர மாட்டேங்குது. தெரிஞ்சா நீங்களாவது சொல்லுங்க" என்றார்.

குத்தூசி என்றால் நமக்கு மண்டியில் மூட்டையைக் குத்தி அரிசி எடுத்துப் பார்க்கும் கருவிதான் முதலில் நினைவுக்கு வரும். குத்தூசி குருசாமி 'விடுதலை' பத்திரிகையில் அந்தப் பெயரில்தானே எழுதினார், தலைப்பும் 'பலசரக்கு மூட்டை'. எவ்வளவு பொருத்தம் பார். சாக்கு தைப்பது கோணியூசி. நம் பக்கத்துத் தெலுங்கு, கன்னடக்காரர்கள் அதைத் தப்பணம் என்பார்கள். ஆனால் கோணியூசிக்குக் காது உண்டு, செருப்புத் தைக்கும் ஊசிக்குக் கிடையாது. பட்டினத்தார் பாட்டைக் கேட்டுக் கேட்டு, காதற்ற ஊசி என்றாலே ஒன்றுக்கும் உதவாதது என்று நமக்குப் பதிந்துவிட்டது. காதில்லாத ஊசியை வைத்துத்தான் எத்தனையோ குடும்பம் சாப்பிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அகராதியைப் புரட்டினேன். தமர் என்று ஒரு சொல் அகப்பட்டது. பலகையில் போடும் துளைக்கும் அந்தப் பெயர், துளை போடும் கருவிக்கும் அந்தப் பெயர். தமரூசி என்றும் உண்டாம். நாம் படித்த தமர் வேறு: நம்மவர், சொந்தக்காரர். இரண்டும் வெவ்வேறு சொற்கள்தான், எழுத்து மட்டும் ஒன்று. ஆனாலும் அந்தப் பக்கத்தை மூட மனம் வரவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் தமிழ் ஐயா புறநானூற்று 82ஆம் பாட்டைச் சொன்ன நாள். ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவ வலி, மழை வேறு பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. கட்டிலுக்கு வார் பின்னுகிறவர் வேலையை முடித்துவிட்டு ஓட வேண்டும். அவர் கை ஊசியின் வேகம்தான் சோழன் மல்லனோடு பொருத வேகம் என்கிறது பாட்டு. அந்த மனிதருக்குப் பாட்டில் 'இழிசினன்' என்று பெயர். தாழ்ந்த பிறப்பினன் என்று ஐயா அதற்குப் பொருள் சொன்னார். வகுப்பே திரும்பி உன்னைப் பார்த்தது. நானும் திரும்பினேன். நீ பெஞ்சில் இருந்த ஒரு கீறலையே பார்த்துக்கொண்டிருந்தாய். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் நாம் அதைப் பேசியதில்லை. நான் திரும்பியிருக்கக் கூடாது. என்னை மன்னித்துவிடு.

அந்தப் பாட்டை இன்று மறுபடி எடுத்துப் படித்தேன். அந்தக் கை எப்படி ஓடும் என்று பக்கத்தில் நின்று பார்க்காமல் சாத்தந்தையார் அதை எழுதியிருக்க முடியாது. அவ்வளவு பார்த்தவரும் அந்தச் சொல்லைத்தானே போட்டார்! அது எனக்கு ஆறவே இல்லை.

எங்கள் கிணற்றில் மாடு கட்டி நீர் இறைத்த கவலைக்குத் தும்பி தைத்துக் கொடுத்தது உன் அப்பா. இரும்புச் சால், அதன் அடியில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் தும்பி. மாடு இழுக்கச் சால் மேலே வந்ததும் தும்பி வழியாகத் தண்ணீர் கொட்டும். "அவர் தைச்சா ஒரு சொட்டு கசியாது" என்பார் என் அப்பா. அவர் தைத்த தும்பியில் வந்த தண்ணீரை நாங்கள் அள்ளிக் குடித்தோம். அவருக்குத் தாகம் எடுத்தால் கையை ஏந்தச் சொல்லித் தூக்கி ஊற்றினார்கள். நான் சின்னப் பையன், அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் கரண்ட் மோட்டார் வந்தது, கவலை போயிற்று, அந்த வேலையும் போயிற்று.

நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் தோண்டி எடுத்த இரும்புக்கு 4,200 வயது என்று 2022இல் அறிவித்தபோது நீதான் முதலில் போன் செய்தாய். நம் மண்ணு என்று எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! அன்றைக்கு வாளைப் பற்றியும் கத்தியைப் பற்றியும்தான் பேசினோம். அந்த இரும்பில் விரல் நீளத் துண்டு ஒன்று தோல் தைக்கவும் போயிருக்கும் என்று நம் இருவருக்குமே தோன்றவில்லை.

சரி, எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். நீ நூலுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். அவர் தலை நிமிராமல் கையை நீட்டி ஏதோ ஒரு பெயர் சொல்வார், நீ ஊசியை எடுத்துக் கொடுப்பாய். குத்தூசி என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. சின்னச் சொல், என் காதிலும் விழுந்ததுதான், எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அது என்ன சொல் என்று மகளை விட்டு எழுதச் சொல். அந்த ஊசி இன்னும் உன்னிடம் இருக்கிறதா என்றும் எழுது.

அடுத்த ஞாயிறு மறு கால் செருப்பையும் தைக்கக் கொண்டுபோகிறேன். அதற்குள் உன் கடிதம் வந்தால் அவருக்கும் சொல்லிவிடுவேன்.

உன்
பள்ளித் தோழன்