இலந்தை மரத்தடியில் ஒரு கேமரா

குடியாத்தம்,
தை மாதம்

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. கனடாப் பனியில் அந்தச் செந்நரி நடந்துபோகிற படத்தை வீட்டில் எல்லாரும் பார்த்தாயிற்று. அந்தக் குளிரில் ஆல்கலைன் பேட்டரி படுத்துவிடுகிறது, லித்தியம்தான் தாங்குகிறது என்று எழுதியிருந்தாய். இங்கே எனக்குத் தலைவலி நேர்மாறு, வெயில்.

பேரணாம்பட்டு தாண்டி, காப்புக்காட்டை ஒட்டி நம்ம கொல்லை இருக்கிறதே, அங்கே நானும், மிருகம் எதிரே வந்தால் தானாகவே படம் எடுக்கிற கேமரா ஒன்றைக் கட்டியிருக்கிறேன். காட்டுக்குள் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும், அதனால் பட்டா நிலத்தோடு சரி. வரப்போர வேப்பமரத்தில் முழங்கால் உயரத்தில், இலந்தை மரத்தைப் பார்த்தபடி. முகம் வடக்கே. கிழக்கே, மேற்கே திருப்பினால் சூரியனையே படம் எடுத்துக்கொண்டிருக்கும்.

இதன் சென்சாருக்குச் சிறுத்தை, முயல் எல்லாம் ஒன்றுதான். பின்னாலிருக்கும் பாறை, புதரின் சூட்டிலிருந்து வேறுபட்ட சூடு ஒன்று எதிரே நகர்ந்தால் படம் எடுக்கும், அவ்வளவுதான். சித்திரையில் நம்மூர்ப் பாறை எப்படிக் காயும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொழுது சாய்ந்தும் சூடு இறங்காது. பாறையும் மிருகத்தின் உடம்பும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் எது குறுக்கே போனாலும் கேமரா சும்மா கிடக்கும். அதனால் எங்களுக்கு மார்கழி, தைதான் சீசன். பனிமூட்டம் இறங்கினால் மட்டும், இருட்டில் படம் எடுக்க அது அடிக்கிற வெளிச்சமே திரும்பி அடித்துப் படம் வெள்ளையாகிவிடுகிறது.

இலந்தை பழுத்து உதிர்கிற நேரம் இது. கரடி வராமல் இருக்குமா? உங்கள் கருங்கரடி குளிர்காலம் முழுக்கக் குகையில் தூங்கும், நம்ம கரடிக்கு அந்தச் சுகம் கிடையாது. போன வாரம் நடு ராத்திரியில் ஒரு வீடியோ. பழம் பொறுக்கி முடித்துவிட்டுப் பக்கத்துப் புற்றை நகத்தால் பிளக்கிறது. முதலில் மண்ணை ஊதித் தள்ளுகிறது, அப்புறம் மூக்கை உள்ளே விட்டு உறிஞ்சுகிறது. அந்தச் சத்தம் இருக்கிறதே, சைக்கிளுக்குப் பம்ப்பில் காற்றடிப்பது போல, விட்டு விட்டு! மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டும் அதற்கு இல்லை, அந்தச் சந்து வழியாகத்தான் கரையானை இழுக்கிறது. மூக்குத் துளையையும் வேண்டும்போது மூடிக்கொள்ளுமாம். வீடியோவைப் பார்த்த எங்கள் அம்மா, “பாவம், பசி” என்று மட்டும் சொன்னார்கள்.

யானையும் வந்தது. 1980களில் ஒசூர்ப் பக்கமிருந்து இந்த மலைகளுக்கு வந்து தங்கிவிட்ட கூட்டத்தின் வழிவந்தவை. அவற்றுக்காகத்தான் அந்தப் பக்கம் ஆந்திராவில் கவுண்டின்யா சரணாலயமே வந்தது. கேமராவைப் பிடுங்கி எறியும் என்று பயந்தேன், மோந்து பார்த்ததோடு விட்டுவிட்டது. ஒரு படம் முழுக்கத் தும்பிக்கை நுனியும் சுருக்கமும்தான்.

விதைத்த வேர்க்கடலையை நோண்டுவது காட்டுப்பன்றி என்று ஊரே திட்டிக்கொண்டிருந்தது. கேமராவில் பன்றியும் இருக்கிறது, ஆனால் முள்ளம்பன்றிதான் தினசரி வாடிக்கை. சரி, இரண்டுக்கும் வேலி போட எனக்கு வசதியில்லை.

ஒரு படத்தை மட்டும் யாருக்கும் அனுப்பவில்லை. சருகுமான். முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிசு, கொம்பு கிடையாது, விலாவில் வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளும். வாட்ஸாப்பில் ஒருமுறை போட்டால் போதும், மறுநாளே டார்ச்சும் நாயுமாக ஆள் வந்துவிடும். சிறுத்தைப் படம் போட்டு லைக் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எந்த இடம் என்று சொல்லாவிட்டாலும், பின்னால் தெரிகிற பாறையை வைத்தே எங்கள் ஊர் ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். உனக்கும் நேரில்தான் காட்டுவேன்.

ஒரு உதவி. என் கேமராவின் ராத்திரி வெளிச்சம் 850 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு, எரியும்போது லேசாகச் சிவப்பு தெரிகிறது. மிருகங்கள் கவனிக்கிறதோ இல்லையோ, ஆடு மேய்க்கிற பையன்கள் கவனித்துவிட்டார்கள். 940 என்றால் கண்ணுக்கே தெரியாது. தூரம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. வரும்போது அப்படி ஒன்று வாங்கி வா, பணம் இங்கே தருகிறேன். வருவதானால் மார்கழியில் வா. சித்திரையில் வந்தால் மாம்பழம் மட்டும்தான் காட்ட முடியும்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உன்,
இளங்கோ