கார் இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கு: கேட்டால்தான் குறைப்பீர்களா?

கார் இன்சூரன்ஸ் நிறுவனங்களை நடத்துவோருக்கு வணக்கம்.

ஆறு வருடமாக ஒரே நிறுவனத்தில் பாலிசி வைத்திருக்கிறேன். நோட்டீஸ் வரும், பணம் கட்டுவேன், அத்தோடு மறந்துவிடுவேன். போன தடவைதான் பாலிசித் தாளை மேசையில் விரித்துவைத்து, கையில் பேனாவோடு வரிவரியாகப் படித்தேன். வருடத்துக்கு ஓட்டும் தூரம் என்ற கட்டத்தில், நான் தினமும் அலுவலகம் போய்வந்த காலத்துக் கணக்கு அப்படியே இருந்தது. இப்போது வீட்டிலிருந்துதான் வேலை. வழியில் கார் நின்றுவிட்டால் இழுத்துப்போகும் சேவைக்கு அதில் தனிக் கட்டணம் இருந்தது. அதே சேவைக்குக் கார் கம்பெனியிடமும் கட்டிக்கொண்டிருந்தேன்.

போன் செய்தேன். பத்தே நிமிடத்தில் பிரீமியம் குறைந்தது. சந்தோஷத்தைவிட வருத்தம்தான் அதிகமாக வந்தது. கேட்டதும் குறைக்க முடிகிறதென்றால், கேட்கத் தெரியாமல் கட்டிக்கொண்டிருப்பவர்களின் பணம்?

பிரிட்டனில் 2017 ஏப்ரல் முதல், புதுப்பித்தல் நோட்டீசில் போன வருடம் கட்டிய பிரீமியத்தையும் காட்டியாக வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து, கார், வீட்டுக் காப்பீட்டில் பழைய வாடிக்கையாளரிடம் புதியவரைவிடக் கூடுதலாகக் கேட்கவும் அங்கே தடை. சட்டம் வந்துதான் செய்ய வேண்டும் என்பதில்லை. நீங்களாகவே செய்யலாம்.

நான் கேட்பது பெரிதல்ல. போன வருடத் தொகையை இந்த வருடத் தொகைக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். ஓட்டும் தூரம், காரை ஓட்டுபவர்கள், இரவில் நிறுத்தும் இடம் இதெல்லாம் மாறியிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சேதச் செலவில் முதல் பகுதியை நாங்களே ஏற்றுக்கொண்டால் பிரீமியம் எவ்வளவு இறங்கும் என்பதையும் சொல்லுங்கள். அந்தத் தொகை கையில் இருப்பவருக்குத்தான் அது சரிப்படும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். மாதத் தவணையில் கட்டினால் மொத்தத்தில் எவ்வளவு கூடுகிறது என்பதும் தெரியட்டும்.

அப்புறம் க்ளெய்ம். பம்பரில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். "அதுக்குத்தானே இன்சூரன்ஸ், க்ளெய்ம் போட்டுடுங்க" என்றார் ஏஜென்ட். போட்டேன். அதுவரை சேர்ந்திருந்த நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் போடாத வருடங்களுக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி, போயிற்று. அடுத்தடுத்த வருடங்களில் கூடுதலாகக் கட்டியது பெயின்ட் செலவைத் தாண்டிவிட்டது. சின்ன க்ளெய்மை வாங்கிக்கொள்ளும் முன், கிடைக்கப்போவது இவ்வளவு, இழக்கப்போவது இவ்வளவு என்று இரண்டு தொகையையும் சொல்லிவிடுங்கள். முடிவை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

பாதுகாப்பைக் குறைத்துப் பணம் மிச்சப்படுத்தச் சொல்லவில்லை. யாரையாவது இடித்துவிட்டால் கொடுக்க வேண்டிய இழப்பீடு ஒரு குடும்பத்தையே சாய்த்துவிடும். அந்தத் தேர்டு பார்ட்டி பாதுகாப்பில் யாரும் கைவைக்கக் கூடாது. நான் பேசுவது தேவையில்லாமல் கட்டும் பணத்தைப் பற்றி மட்டும்.

எனக்கு அடுத்த நோட்டீஸ் வர இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அச்சிடும் படிவத்தை மாற்ற அந்த நேரம் போதும்.

இப்படிக்கு,
ஆறு வருட வாடிக்கையாளர்