ஃபோர்ட் அகஸ்டஸுக்கு அரை நாள்

அன்புள்ள மாலதி,

அம்மாவுக்கு முழங்கால் தேவலை என்று படித்ததும் நிம்மதி. ஸ்காட்லாந்து மலைநாட்டுக்கு அவரையும் அழைத்துப் போவது நல்ல முடிவு. ஆனால் ஃபோர்ட் அகஸ்டஸுக்கு நீ ஒதுக்கியிருக்கும் ஒரு மணி நேரம், நெஸ் ஏரியில் படகு ஏறி இறங்கவே சரியாகிவிடும். அந்த ஊரின் உயிர் கால்வாயில் இருக்கிறது. அரை நாளாவது கொடு.

பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டின் கலிடோனியன் கால்வாய் வேலை 1803இல் தொடங்கியது, திறப்பு 1822இல். இங்கே ஐந்து லாக் தொட்டிகள், அதாவது நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைத்துப் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள், படிக்கட்டாக ஏறுகின்றன. படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடி, முன்னே உள்ள மதகைத் திறப்பார்கள். மேல்தொட்டித் தண்ணீர் தானாக இறங்கி, மட்டம் சமமானதும் கதவைத் திறப்பார்கள். பம்பு வேண்டாம். இரட்டைக் கதவுகள் மேட்டுப்பக்கம் முனை நீட்டி மூடுவதால், மட்டம் ஒத்துவரும்வரை நீரழுத்தமே அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும்.

ஒரு தொட்டியின் மேல்கதவுதான் அடுத்ததற்குக் கீழ்கதவு. அதனால் பத்து ஜோடிக்குப் பதில் ஆறே போதும். ஆனால் எதிரெதிர்ப் படகுகள் நடுவில் விலக முடியாது. ஏறுகிறவை ஏறி முடித்தால்தான் மற்றவை இறங்கலாம். காத்திருப்பு அதனால்தான். ஒரு முழு ஏற்றத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும்.

கயிறு பிடித்துக் கரையோடு நடப்பவர்களைக் கவனி. ஏறும்போது தண்ணீர் கொந்தளிக்கும், கயிறு தளர்ந்தால் படகு சுவரில் மோதும். இறங்கும்போது முடிச்சுப் போட்டு விட்டுவிட்டால் நீர் வடிய வடியப் படகு கயிற்றில் தொங்கத் தொடங்கும். கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டும். விறைத்த கயிற்றருகே அம்மாவை நிற்க விடாதே.

கோட்டையைத் தேடினால் ஏமாறுவாய். பிரிட்டிஷ் ஜெனரல் வேட் 1729இல் தொடங்கிய அதற்கு அரசரின் மகன், கம்பர்லாந்து கோமகன் வில்லியம் அகஸ்டஸின் பெயரை வைத்தார்கள். 1746 மார்ச்சில், ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அரியணையேற்றப் போராடிய ஜாக்கபைட் கிளர்ச்சிக்காரர்களின் குண்டு வெடிமருந்துக் கிடங்கில் விழுந்ததும் கோட்டை பணிந்தது. அடுத்த மாதம் கல்லோடன் போரில் அவர்களை வென்ற கம்பர்லாந்து இங்கேதான் முகாமிட்டு, சுற்றுப்பட்டுக் கிராமங்களை எரிக்கவும் கால்நடைகளைப் பிடிக்கவும் படைகளை அனுப்பினான். அவன் பெயர் இன்னும் ஊர்ப்பெயராக நிற்பது எனக்கு உறுத்துகிறது. 1876இல் அந்த இடம் பெனடிக்டின் துறவிகளுக்குப் போனது. மடத்தை 1998இல் மூடினார்கள். இப்போது குடியிருப்பு, வெளியிலிருந்துதான் பார்க்கலாம்.

கோடையில் மிட்ஜ் என்கிற பொடிப்பூச்சி காற்றில்லாத மாலையில் மொய்க்கும். முழுக்கைச் சட்டை எடுத்துக்கொள். இன்வர்னஸிலிருந்து 919 பேருந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம். இடப்பக்க ஜன்னலைப் பிடி, ஏரி அந்தப் பக்கம்தான்.

அன்புடன்,
கௌரி