நெய்வேலிக்கு மாற்று விமானம் வேண்டும்

ஐயா,

சிறு ஊர்களுக்கு மலிவுக் கட்டணத்தில் விமான சேவை தரும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் முதல் சுற்றில், 2017-இல், நெய்வேலி–சென்னை தடம் ஏர் ஒடிசாவுக்குத் தரப்பட்டது. வாடகை விமானம் ஓட்டிவந்த நிறுவனம். கையில் இருந்தவை 19 இருக்கை கொண்ட பீச்கிராஃப்ட் 1900டி. 2018-இல் குஜராத்தில் சில மாதம் பறந்தது. அந்த ஆண்டு முடியுமுன்னே உடான் தடங்கள் ரத்தாயின. நெய்வேலிக்கு வரவேயில்லை.

வாடகைப் பயணத்தை நாள் மாற்றிக்கொள்ளலாம். கால அட்டவணையை மாற்ற முடியாது. புரொப்பெல்லரில் ஒரு பழுது வந்தால் உதிரி பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், சுங்கம் தாண்ட வேண்டும். அதுவரை விமானம் தரையில். விமானத்துக்கு டாலரில் கட்டும் குத்தகையோ நிற்காது. மலிவுக் கட்டணத்தால் வரும் இழப்புக்கு அரசு தரும் ஈடுதொகை பறந்த நடைக்கு மட்டுமே கிடைக்கும். விமானிகளுக்கும் பணிநேர வரம்பு உண்டு. ஒரு விமானத்துக்கே மூன்று நான்கு ஜோடி தேவை. இதைத்தான் சிறு நிறுவனங்கள் குறைத்துக் கணக்கிடுகின்றன. இருமுறை ரத்தானால் பயணி பேருந்துக்கே திரும்பிவிடுவார், அதில் தவறேதும் இல்லை.

அடுத்த ஏலத்தில் மாற்று விமானம் ஒன்றையும், சென்னையில் உதிரி பாக இருப்பையும், மூன்று மாதக் குத்தகைக்கான வங்கி உத்தரவாதத்தையும் நிபந்தனையாக்க வேண்டும். கடலூர் மாவட்டப் பிரதிநிதிகள் இதை வற்புறுத்த வேண்டும்.

– வாசகர்கள் சிலர், கடலூர்