பெரம்பூர் இடத்துக்கு இன்னும் ₹1,85,000 குறைகிறது

எல்லாருக்கும் வணக்கம். நேராகவே விஷயத்துக்கு வருகிறோம். இளம்பிள்ளை வாதத்தோடு (போலியோ) வளர்ந்த நம் சென்னைக்காரர்களின் நினைவுகளையும் அவர்கள் பயன்படுத்திய பொருட்களையும் ஒரே கூரையின் கீழ் வைக்க, பெரம்பூரில் தரைத்தளத்தில் ஓர் இடம் பார்த்திருக்கிறோம். இந்த மாதக் கடைசி வரை வேறு யாருக்கும் விடமாட்டேன் என்று வீட்டுக்காரர் வாக்கு கொடுத்திருக்கிறார். அதற்குள் பணம் கட்டியாக வேண்டும்.

எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐம்பது அறுபதைத் தாண்டியவர்களிடம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். "ரெண்டு வயசு வரைக்கும் ஓடியாடின புள்ள, காய்ச்சல்னு ஊசி போட்டோம், மறுநாள் கால் விழுந்துடுச்சு" என்றுதான் வீட்டுக்கு வீடு அம்மாக்கள் சொல்லியிருக்கிறார்கள். போலியோ கிருமி உடம்பில் இருக்கும் நேரத்தில் தசையில் ஊசி போட்டால் வாதம் வரும் வாய்ப்பு கூடும் என்பது மருத்துவம் கண்டறிந்த உண்மை. அதை அந்தத் தாய்களுக்கு விளக்கிச் சொல்ல அன்று ஆள் இல்லை, பல பேர் சாகும் வரை தங்களையே பழித்துக்கொண்டார்கள். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் வடபழனிக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள், கடற்கரை மணலில் இடுப்பளவு குழி தோண்டி நிற்க வைத்தவர்கள், எட்டாவது வரை இடுப்பில் சுமந்தே பள்ளிக்கூடத்தில் விட்டவர்கள், இவர்கள் பேசியதை எல்லாம் பதிவு செய்து வைத்திருக்கிறோம்.

வாதம் வந்த காலைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு காலிப்பரும் எங்களிடம் இருக்கிறது. பத்து வயதுப் பையன் போட்டது. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, முட்டியில் பூட்டு, தொடையில் தோல்வார், ஒரு காலுக்கு மட்டும் அடிப்பாகம் உயர்த்திய பூட்ஸ். வாரில் ஆணியால் குத்திய கூடுதல் ஓட்டைகள் தெரிகின்றன, பையன் வளர வளர அப்பா போட்டது. மழையில் நனைந்தால் தோல் விறைத்துப்போய் தொடையை அறுக்கும் என்று அதைப் போட்டு வளர்ந்தவரே எங்களிடம் சொன்னார். அவர் பிறகு எஸ்டிடி பூத் வைத்துப் பிழைத்தார். மாற்றுத்திறனாளிகளுக்கு என்று ஒதுக்கப்பட்ட அந்த மஞ்சள் பலகை பூத்துகள் எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்டன! செல்போன் வந்ததும் அதுவும் போயிற்று.

நம் மண்ணுக்குப் பெருமையும் உண்டு. வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் எண்பதுகளிலேயே ஒரே நாளில் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சொட்டு மருந்து கொடுக்கும் முறையை நடத்திக் காட்டினார். நாடு முழுவதற்குமான முகாம்கள் 1995இல்தான் வந்தன. அப்புறம் சத்துணவு மையம், பஸ் ஸ்டாண்ட், ரயில் பெட்டி என்று ஒரு இடம் விடாமல் தேடிப் போய் விரலில் மை வைத்தார்களே, அந்த அங்கன்வாடி அக்காமார்களின் கதையும் இந்தத் தொகுப்பில் வரும். இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு சிறுமி. 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. நோய் போய்விட்டது, சரி. அது வந்தவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். பல வருடம் கழித்து, நன்றாக இருந்த தசையும் தளர ஆரம்பித்து, ஊன்றுகட்டையோடு நடந்தவர்கள் சக்கர நாற்காலிக்கு மாறுகிறார்கள். பதிவு கொடுத்தவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை.

செலவு இதுதான். அட்வான்ஸ் ₹1,20,000. சரிவுப் பாதை போடவும் கழிவறைக் கதவை அகலப்படுத்தவும் ₹85,000, இதில் ஒரு பைசா குறைக்க முடியாது, யாருக்காக வைக்கிறோமோ அவர்களே உள்ளே வர முடியாவிட்டால் எதற்கு? கண்ணாடி அலமாரிகள் ₹60,000. ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கிப் பத்திரப்படுத்த ₹1,10,000. வண்ணாரப்பேட்டையில் பட்டறையை மூடும் காலிப்பர் செய்யும் பெரியவர் தன் மர அச்சுகளையும் கருவிகளையும் சும்மாவே தருகிறார், ஏற்றி இறக்க ₹15,000. மொத்தம் ₹3,90,000. கையில் இருப்பது ₹2,05,000.

அந்த இரண்டு லட்சத்தைத் தந்தவர்களை நினைக்காமல் இருக்க முடியாது. ஓய்வூதியம் வந்த அன்றே கவரில் போட்டுக் கொடுத்த ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலைப் பெரியவர்கள், மூன்று மாதம் தினம் இருபது ரூபாய் எடுத்து வைத்த பூக்கார அக்கா, மஸ்கட்டிலிருந்து அனுப்பிய தம்பிகள், கோயில் உண்டியலுக்கு வைத்ததை இதற்குத் திருப்பிவிட்டு "இதுவும் அவனுக்குத்தான்" என்று சொன்ன மாமி, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வசூலித்துத் தந்த பாய்மார்கள், அத்தனை பேரையும் கடவுள் நல்லா வைக்கட்டும்.

போன கூட்டத்தில் கை தூக்கித் தொகை சொன்ன பதினோரு பேர் இன்னும் கொடுக்கவில்லை. பேரைச் சொல்ல மாட்டோம், உங்களுக்கே தெரியும். பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் ஹாலுக்கும் கேக்குக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறோம். அந்தப் பிள்ளை இரண்டு காலில் ஓடுகிறதே, அதற்கு நாம் கொடுக்க வேண்டிய கடன் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? நூறு ரூபாயானாலும் வாங்கிக்கொள்கிறோம். பணம் முடியாதவர்கள் பழைய காலிப்பர், கட்டை, மருத்துவச் சீட்டு, போட்டோ எது இருந்தாலும் எடைக்குப் போட்டுவிடாமல் கொடுங்கள்.

பொருளாளரிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை இருப்பார். படியேற முடியாதவர்கள் ஒரு போன் போட்டால் நாங்களே வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்கிறோம்.