தாத்தாவையும் முகாமுக்குக் கூட்டிப்போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பையன்கள் கைப்பேசியிலேயே கிடக்கிறார்களே, சபைகள் ஏதாவது செய்யக்கூடாதா என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் கேட்டிருந்தார். எங்கள் சபையில் பத்து வருடமாகச் சனிக்கிழமைதோறும் சிறுவர்களை வெளியே கூட்டிப்போகிறோம். நடை, கூடாரம், முடிச்சு, மாலையில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து ஒரு ஜெபம். சொல்ல வந்தது அதையல்ல, ஆரம்பத்தில் நாங்கள் செய்த தவறை.

வாலிபர்கள் போதும் என்று நினைத்தோம். அவர்களுக்குத்தானே ஓடியாட உடம்பில் தெம்பு உண்டு? ஆனால் வேலை கிடைத்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். பையன்களுக்கு வருடா வருடம் ஒரு புது அண்ணன். அப்படி ஆள் இல்லாத ஒரு சனிக்கிழமைதான் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவரைக் கூப்பிட்டோம். மின்கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். அவரை நாங்கள் கூட்டிப்போனதே சாமான்களைப் பார்த்துக்கொள்ளத்தான்.

ஒரு பையன் கம்பத்தில் கயிறு கட்டத் திணறிக்கொண்டிருந்தான். நான் எதிரில் நின்று மூன்று முறை காட்டியும் வரவில்லை. தாத்தா எழுந்து போய் அவன் பின்னால் நின்றார். "எதிர்ல நின்னு காட்டினா இடது வலதாத் தெரியும்பா" என்றார் என்னைப் பார்த்து. தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, "ஒரு சுத்து சுத்து. அதுக்கு மேல குறுக்கா இன்னொரு சுத்து. இப்ப நுனிய அந்தக் குறுக்குக் கயித்துக்கு அடியில விட்டு இழு." முடிச்சு இறுகியது. அத்தனை நாளில் எனக்குத் தோன்றாத விஷயம், எங்கே நிற்பது என்பது.

இன்னொரு நாள் திசைகாட்டியை வைத்து வடக்கே நடக்கப் பழக்கினேன். காலை வெயில் வலது தோளில் அடிக்க வேண்டும். அரை மணி நேரத்தில் பொடியன் ஒருவன், "அங்கிள், வெயில் மூஞ்சிக்கு நேரா அடிக்குதே?" என்றான். முள் பொய் சொல்லாது என்று அதட்டினேன். எங்களோடு வந்த கல்லூரி மாணவர்தான் என் சட்டைப்பையைக் காட்டினார். காந்த மூடி போட்ட உறையோடு என் கைப்பேசி. அதை ஒட்டி நெஞ்சோடு சேர்த்துத் திசைகாட்டியைப் பிடித்திருந்தேன். கைப்பேசியை எடுத்ததும் முள் அசைந்து திரும்பியது. பையன்கள் சிரித்தார்கள். தப்பு என்னுடையது என்று அந்தப் பொடியனிடம் சொன்னேன். தாத்தாவுக்கு இது கால்மணி நேரம் முன்பே தெரியுமாம். "பகல் நிறைய இருக்கு, தண்ணி இருக்கு. நீங்களே கண்டுபிடிங்கன்னு விட்டுட்டேன்" என்றார். அந்தப் பொறுமை எனக்கு இன்னும் வரவில்லை. இருபது வயதுக்காரரிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

வேதம் படிக்கிற நேரத்தில் கயிறு எதற்கு என்று சபையில் கேட்டவர்கள் உண்டு. இது நேற்று முளைத்த யோசனை இல்லை. 1883இல் கிளாஸ்கோவில் வில்லியம் ஸ்மித் என்ற ஞாயிறு பள்ளி ஆசிரியர், வகுப்பில் அடங்காத பையன்களுக்காகத்தான் பாய்ஸ் பிரிகேட் என்ற கிறிஸ்தவச் சிறுவர் இயக்கத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 28. எபிரெயர் 6ஆம் அதிகாரத்து நங்கூரம்தான் அதன் சின்னம். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமிலும் பாய்ஸ் பிரிகேட் பையன்கள் இருந்தார்கள். அதெல்லாம் போகட்டும், பவுல் செய்தது கூடாரத் தொழில். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையில் கரிநெருப்பு மூட்டி வைத்துத்தான் சீஷர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். நெருப்பு மூட்டக் கற்றுக்கொள்ளும் பையன் வேதத்தை விட்டு எங்கேயும் போய்விடவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பெரியவர் ஒருவர் ஒரு பையனோடு தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள், எங்கே போகிறோம் என்பது வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊழியர், மூப்பர் என்று யாருக்கும் விலக்கில்லை. தாத்தாவுக்கே முதலில் வருத்தம். "இந்த வயசுல என்னையா சந்தேகப்படுறீங்க?" என்று கேட்டார். நல்லவருக்கு விலக்குக் கொடுத்தால் அந்த வழியாகக் கெட்டவனும் நுழைவான் என்று விளக்கினோம். ஒரு வாரம் வரவில்லை. அப்புறம் வந்தார். இப்போது பையன் ஆற்றங்கரைக்குக் கூப்பிட்டால் அவரே என்னையும் குரல் கொடுத்துக் கூப்பிடுகிறார்.

இன்றைக்கு எங்கள் குழுவில் எழுபதைத் தாண்டியவர்கள் மூன்று பேர், வாலிபர்கள் நான்கு பேர். நடு வயதில் நான் ஒருவன்தான். அப்பாக்கள் சனிக்கிழமை காலையில் பையனை வாசலில் இறக்கிவிட்டு, எத்தனை மணிக்குத் திரும்ப வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டே வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி வாருங்கள். கூடாரத்தின் நான்காவது மூலையைப் பிடிக்க எப்போதும் ஆள் குறைகிறது.

இப்படிக்கு,
சிறுவர் குழுப் பொறுப்பாளர் ஒருவர்